சரிகை பார்த்த கண்ணும் ஆறு கம்பியும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பட்டு நெய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதே மாவட்டத்தில் கிட்டாரும் செய்கிறார்கள் என்றால் காஞ்சிக்காரர்களே "எங்கே?" என்று கேட்பார்கள். வல்லம் வடகால் சிப்காட்டில்தான். ஜப்பானின் யமஹா நிறுவனம் 2019-இல் அங்கே ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையைத் தொடங்கியது. கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார், மேடைக்கான ஒலிபெருக்கிச் சாதனங்கள் ஆகியவை அங்கே தயாராகின்றன. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஆனால் கிட்டார் வாங்க ஆசைப்படும் காஞ்சிப் பையன் அந்த ஊரையும் தாண்டி, இன்னும் அவ்வளவு தூரம், சென்னை அண்ணா சாலை வரை போயாக வேண்டும். ஊர்க் கடைகளில் இரண்டு மூன்று மாடல்தான் தொங்கும். பத்துப் பதினைந்தை வரிசையாக மடியில் வைத்து வாசித்துப் பார்க்காமல் முதல் கிட்டாரை வாங்கக்கூடாது.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, தாம்பரம் போகும் பேருந்தில் ஒரு மாமனும் மருமகனும் ஏறினார்கள். மாமனுக்குப் பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி. மருமகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. பையில் 10,000 ரூபாய். அதில் பாதி, விடுமுறையில் பையன் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்துச் சேர்த்தது. மீதி மாமன் கொடுத்தது. "வாங்குறதை ஒருவாட்டி வாங்கு. வாங்கிட்டு வந்து மூலையில சாத்தி வெச்சியோ, தெரியும் சேதி" என்பது மாமன் போட்ட ஒரே நிபந்தனை.

காஞ்சிக்குக் கம்பி பூட்டிய கருவி ஒன்றும் புதிதில்லை. ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் சுவர்களில் சிவனே வீணையோடு இருக்கிறார். வீணைக்காரரான முத்துசுவாமி தீட்சிதர் இந்த ஊரில் சில ஆண்டுகள் தங்கி, கோயில் கோயிலாகக் கீர்த்தனை செய்தவர். கிட்டார் இந்த வரிசையில் நேற்று வந்த பிள்ளை. வந்த வழி சினிமா.

பேருந்து பாலாற்றை வலப்பக்கம் விட்டு வாலாஜாபாத் வந்து, அங்கிருந்து வண்டலூர் சாலையில் திரும்புகிறது. வயல், ஏரி, செங்கல் சூளை என்று போய்க்கொண்டிருந்த காட்சி ஒரகடம் நெருங்கும்போது சட்டென்று மாறிவிடுகிறது. கார் கம்பெனி, லாரி கம்பெனி, டயர் கம்பெனி, நீலச்சட்டை ஆட்களை ஏற்றிச் செல்லும் வரிசை வரிசையான பேருந்துகள். ஒரகடம் கூட்டுச் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் சில கிலோமீட்டரில் வல்லம் வடகால். அங்கே யமஹா பெயரில் இரண்டு தொழிற்சாலைகள் உண்டு. 2015-இல் வந்தது மோட்டார்சைக்கிளுக்கு. 2019-இல் வந்தது இசைக்கருவிக்கு. இரண்டும் ஒரே குடும்பத்தில் பிறந்து 1955-இல் தனிக்குடித்தனம் போன கம்பெனிகள். சின்னத்தை உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இரண்டிலும் மூன்று இசைக்கவைகள். பைக்கின் டேங்கில் அவற்றின் நுனி வெளிவட்டத்தைத் தொடும், கிட்டாரின் தலையில் தொடாது. 1887-இல் ஹமமாட்சு ஊரில் பழுதான ஆர்மோனியம் போன்ற ஒரு ரீட் ஆர்கனைச் சரிசெய்யப் போன டொரகுசு யமஹா என்ற மெக்கானிக், அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தானே ஒன்று செய்யக் கிளம்பினார். அந்தக் கதையின் ஒரு முனைதான் இந்த ஒரகடம் சாலையில் வந்து நிற்கிறது.

இதில் வாங்குபவனுக்கு என்ன? நிறைய இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டில் குறைந்த விலைக் கிட்டார் என்றால் கொல்கத்தாவிலிருந்து வரும் கிவ்சன், கிப்டோன் வகைதான். எத்தனையோ பேர் அதில்தான் கற்றார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்று தேன்; பக்கத்தில் தொங்கும் அதே மாடல், கம்பியை அழுத்தினால் விரல் பிய்யும். எனவே அதிர்ஷ்டமும் கையில் இருக்கவேண்டியிருந்தது. பிறகு இந்தோனேசியாவில் தயாரான யமஹா எஃப்310 வந்து 'முதல் கிட்டார்' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. இன்று அதே கம்பெனியின் எஃப்280 இந்தியாவிலேயே தயாராகிறது. 10,000 ரூபாய்க்குள் பத்துக் கிட்டாரை எடுத்தாலும் பத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் என்ற நிலை வந்திருப்பதுதான் பெரிய மாற்றம். இயந்திரம் அறுத்த மரம், கழுத்தின் குறுக்கே இயந்திரம் பதித்த ஃப்ரெட் என்னும் உலோக மெட்டு. கைவேலையின் ஊரிலிருந்து போகிறவனுக்கு இது கொஞ்சம் கசக்கலாம். ஆனால் குறைந்த விலைச் சரக்கில் இயந்திரத்தின் ஒழுங்குதான் கற்பவனைக் காப்பாற்றுகிறது.

தாம்பரத்தில் மின்சார ரயில், கிண்டியில் மெட்ரோ, எல்.ஐ.சி. நிலையத்தில் மேலே ஏறினால் அண்ணா சாலை. சென்னையில் இசைக்கருவி வாங்கும் கதை இந்தச் சாலையை விட்டு அகலாது. மியூசி மியூசிக்கல் கடையின் வேர் 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்துக்குப் போகிறது. வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுப் பியானோவுக்காக ஏற்பட்ட வியாபாரம், பின்னால் சினிமாக்காரர்களின் கடையாயிற்று. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் பழக்கமானது. இளையராஜா அந்தக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்பதைத் தமிழ்நாட்டில் கிட்டார் வகுப்பு நடத்தும் எவரும் முதல் நாளே சொல்லிவிடுவார். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டார் துண்டைக் கேட்டுவிட்டுக் கடை ஏறியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இந்தச் சாலைக் கடைகளில் அரைமணி நேரம் நின்றால் யாராவது ஒருவர் அதன் முதல் சில ஸ்வரங்களைத் தடவிப் பார்ப்பதைக் கேட்கலாம். பாதியில் தடுக்கி நிற்பதையும் கேட்கலாம்.

இருவரும் ஏறியது அந்தச் சாலையை ஒட்டிய வேறொரு கடை. உள்ளே சுவர் முழுக்கக் கிட்டார். நீலம், சிவப்பு, கறுப்பு. பையன் கண் நேராக ஒரு கறுப்பில் போய் நின்றது. தோள்பக்கம் வளைத்து வெட்டியது, பளபளவென்று மின்னுவது. கூடவே பை, பெல்ட், பிக், உபரிக் கம்பி எல்லாம் இலவசம். விலை 3,500-க்குள். மாமன் விலைச்சீட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"இவ்வளவு கொடுத்தும் இந்த விலைன்னா, கிட்டாருக்கு எவ்வளவுடா போட்டிருப்பான்?"

அந்தக் கேள்வியிலேயே பாதித் தேர்வு முடிந்துவிட்டது. 3,000, 4,000 ரூபாய்ப் பொட்டலங்களில் பணம் பெரும்பாலும் பாலிஷுக்கும் இலவசத்துக்கும் போய்விடுகிறது. சுருதி திருகாணி நிற்காது. காலையில் சேர்த்த சுருதி மாலையில் கலைந்துவிடும். கற்பவன் தன் காதுதான் சரியில்லை என்று நினைத்து மூன்றாம் மாதம் விட்டுவிடுவான். வீட்டு மூலையில் சாத்திய கிட்டார்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

அடுத்தது மரம். கிட்டாரின் ஓசை முக்கால்வாசி அதன் மேல்பலகையில் பிறக்கிறது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு மரம். அது ஒரே பலகையாக இருந்தால் 'சாலிட் டாப்'; மெல்லிய தகடுகளை ஒட்டியது என்றால் 'லேமினேட்'. விலைப்பட்டியலில் 'சாலிட் ஸ்ப்ரூஸ்' என்று எழுதியிருந்தால் ஒற்றைப் பலகை. வெறும் 'ஸ்ப்ரூஸ் டாப்' என்றிருந்தால் அநேகமாக ஒட்டுப்பலகை. இதைப் பையன் வீடியோ பார்த்துத் தெரிந்துவைத்திருந்தான்.

"மாமா, டாப்பு சாலிடான்னு கேட்டுடலாம்."

"கேட்டுத் தெரிஞ்சுக்கறதா? சரிகையைக் கடைக்காரன் சொல்லியா நம்புறோம்?"

காஞ்சியில் சரிகை பார்ப்பது ஒரு வித்தை. நூலைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியவேண்டும்; வெள்ளையாக வேறு ஏதாவது எட்டிப் பார்த்தால் போலி. அரசின் தமிழ்நாடு சரிகை ஆலை காஞ்சியிலேயே இருக்கிறது. அசல் சரிகை என்றால் வெள்ளி 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம் என்று கணக்கு உண்டு. அதைப் பரிசோதிக்கக் கருவியும் உண்டு. தறிக்காரர் கண் அந்தக் கருவிக்கு முன்னால் வந்தது. மாமன் கிட்டாரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பைப் பார்த்தார். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பில் மடங்கி, பலகையின் கனம் முழுக்க அப்படியே இறங்கினால் அது ஒற்றைப் பலகை. மேல்தகட்டோடு கோடு நின்று, கீழே வேறு நிறத்தில் அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓரத்தைப் பார்ப்பது அவர் வழக்கம், அவ்வளவுதான். விளிம்பில் கறுப்பு அடித்து மறைத்த கிட்டாரும் உண்டு. அங்கே இந்தக் கண் செல்லாது, பட்டியலைத்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் சரிகைக் கணக்கு இதோடு நின்றுவிடுகிறது. போலிச் சரிகை ஏமாற்று. ஒட்டுப்பலகை ஏமாற்று இல்லை. 10,000 ரூபாய்க்குள் இருக்கும் நல்ல கிட்டார்கள் ஏறக்குறைய எல்லாமே ஒட்டுப்பலகைதான். அதைக் கேவலமாகப் பார்க்கவேண்டியதில்லை. ஒற்றைப் பலகையில் ஓசை விரிந்து வரும், ஆண்டுகள் போகப்போக இன்னும் திறக்கும் என்பது உண்மை. யமஹா எஃப்ஜி800 போன்ற மாடல்கள் அப்படித்தான். விலை 20,000-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கும். ஆனால் அதே ஒற்றைப் பலகை ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். ஈரப்பதம் பார்த்துப் பெட்டிக்குள் வைத்துப் பேணத் தெரியாதவனிடம் அது வெடித்துப் போகும். தெருவில் பாவு விரித்துப் பசை போடும் நாளில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஊருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. குழித்தறி வீட்டின் ஈரத் தரையில், சுவரோரம் வாழப்போகும் கருவிக்கு ஒட்டுப்பலகைதான் தாங்கும். முதல் கிட்டாருக்கு நல்ல ஒட்டுப்பலகை போதும். மலிவான 'சாலிட்' என்ற வார்த்தைக்கு மயங்கவேண்டாம்.

மரத்தைப் பற்றி இன்னொரு சேதி. விரல் ஓடும் பலகைக்கு உலகம் முழுக்கக் கிட்டார்காரர்கள் விரும்பிய மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் 2017-இல் அந்த இனத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தது. அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் குறைந்த விலை மாடல்களுக்கு வேறு மரம் தேடிக்கொண்டன. ஆகவே விரல்பலகை கறுப்பாக இல்லையே என்று தள்ளவேண்டாம்.

இனி, பலரும் பார்க்காமல் விடும் ஒன்று. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி. 'ஆக்‌ஷன்' என்பார்கள். புதிதாகக் கற்பவன் கிட்டாரை விடுவதற்கு முதல் காரணம் விரல் வலி. விரல் வலிக்கு முதல் காரணம் இது. பையன் சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டுவந்திருந்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் அதை நிறுத்தித் தடித்த கம்பியின் அடிவிளிம்பு வரை அளந்தால் இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கவேண்டும். மூன்றைத் தாண்டினால் கை படும் பாடு கொஞ்சமல்ல. முதலில் எடுத்த கறுப்பில் நான்குக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு பையன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதே பன்னிரண்டாவது ஃப்ரெட் இன்னொரு சோதனைக்கும் உதவும். அது கம்பியின் சரிபாதி. அங்கே விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் ஒரு மணியோசை வரும். அழுத்தி மீட்டினாலும் அதே ஸ்வரம் வரவேண்டும். போனில் இருக்கும் ட்யூனர் செயலியே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் விலகினால் அந்தக் கிட்டார் மேல் ஸ்வரங்களில் சுருதி சேராது. வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. கெட்டால் மேளம் கட்டுபவர் வந்து சரிசெய்வார். கிட்டாரில் உலோகத்தை மரத்தில் அறைந்திருக்கிறார்கள். கடையிலேயே பார்த்துவிடவேண்டும்.

இவற்றோடு சில கைப்பழக்கங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒருமுறை மீட்டுவது. எங்காவது 'ஜிர்ர்' என்று இரைந்தால் விடுவது. கிட்டாரைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி பிடிப்பதுபோல் பிடித்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பது. உலோக முனை கீறினால் வேண்டாம். கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைக்கப் பார்ப்பது. நுழைந்தால் பிசின் விட்டிருக்கிறது. ஆறு கம்பிகளின் இழுப்பும் சேர்ந்தால் 70 கிலோவைத் தொடும், ஓர் ஆள் எப்போதும் அந்தப் பலகையில் தொங்குகிறான் என்று கணக்கு.

இதனால்தான் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நைலான் கம்பி கட்டிய செவ்வியல் கிட்டார் வேறு ஜாதி. அதன் கழுத்து அகலம், இழுப்பு கிட்டத்தட்டப் பாதி. விரலுக்கு மெத்தென்று இருக்கும்; டிரினிட்டி செவ்வியல் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு அதுதான். ஓசை போதவில்லை என்று அதில் ஸ்டீல் கம்பியை மாட்டினால் சில வாரங்களில் பிரிட்ஜ் பெயர்ந்து கையில் வரும். சினிமாப் பாட்டுக்குத் தாளம் தட்டிப் பாடவேண்டும் என்பவனுக்கு ஸ்டீல். பையன் ஸ்டீல் கட்சி.

கடைசியில் நான்கு கிட்டார் மிஞ்சின. விற்பனையாளர் ஒவ்வொன்றையும் எடுத்து விறுவிறுவென்று வாசித்துக் காட்டினார். நன்றாக வாசிக்கிறவர் கையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கிட்டாரின் ஓசை முன்பக்கம் போகிறது. மடியில் வைத்திருப்பவனுக்கு முழுதும் கேட்காது. ஆகவே மாமனை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லி, ஒரே வரியை நான்கிலும் வாசிக்கும்படி விற்பனையாளரிடம் சொன்னான் பையன். பெயர், நிறம், விலை எதுவும் தெரியாமல் மாமன் "மூணாவது" என்றார். மறுபடி வரிசை மாற்றி வாசித்தபோதும் அதையேதான் சொன்னார். திரும்பிப் பார்த்தால் சாதாரண மரநிறம், வெட்டு வளைவு எதுவும் இல்லாத பழைய மோஸ்தர் உடம்பு. விலை 8,000-க்குச் சற்று மேல்.

"அண்ணே, சாருக்குக் காது நல்லா இருக்கு" என்றார் கடைக்காரர், அடுத்த மேசையில் இருந்தவரிடம்.

பேரம் விலையில் நடக்கவில்லை. மாமன் கேட்டது வேறு: "இந்தக் கம்பி உயரத்தைச் சரிபண்ணிக் கொடுத்துடுங்க தம்பி. எங்களுக்கு அது போதும்." கடையின் பின்பக்கம் ரிப்பேர் பார்ப்பவர் வந்து, துளைக்குள் ஆலன் சாவியை விட்டுக் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஒரு கால் சுற்றுத் திருப்பினார். கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையை உருவி உப்புத்தாளில் நான்கு இழுப்பு இழுத்தார். இருபது நிமிட வேலை. பையனின் ஸ்கேலில் இரண்டரை நின்றது. 'செட்டப்' என்று பெயர் சொல்லப்படும் இந்த வேலைதான் 8,000 ரூபாய்க் கிட்டாரை வாசிக்கத்தக்கதாக ஆக்குகிறது. இணையத்தில் ஆர்டர் செய்து பெட்டியில் வருவதற்கு இது இல்லை; சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் பிறகு அதைத் தூக்கிக்கொண்டு இதே சாலைக்குத்தான் வரவேண்டும்.

மிச்சப் பணத்தில் கனமான பஞ்சு வைத்த பை ஒன்று, பத்தாம் எண் மெல்லிய கம்பி ஒரு செட், கிளிப் ட்யூனர் ஒன்று. கம்பி எண் சிறியதாக இருந்தால் விரலுக்கு நோவு குறைவு. ஓசை சற்று மெலியும், கற்கும் ஆண்டுக்கு அது பரவாயில்லை. வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து நம் ஊரில் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் ஆயுள் கூடும்.

10,000 ரூபாயோடு கிளம்பும் காஞ்சிப் பிள்ளைகளுக்கும் அவர்களோடு போகும் மாமன்களுக்கும் சொல்ல இவ்வளவுதான்: 8,000-ஐ ஒட்டிக் கிட்டாரில் போடுங்கள், மீதியைச் செட்டப்புக்கும் பைக்கும் கம்பிக்கும் வையுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிட்டாரை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள், பிசின் இளகிவிடும். கார்த்திகை முடிந்து மழை ஓய்ந்ததும் ஸ்கேலை எடுத்து மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். கம்பி ஏறியிருந்தால் வாங்கிய கடைக்கே எடுத்துப் போங்கள்.